ஆஷாடத்துக்கும் ஆடிக்கும் நடுவே ஓர் உத்திரம்

“...விழுந்தா என் தலையிலதானே விழும் அண்ணா? உங்க தலை வாசப்படிக்கு வெளிய பத்திரமா இருக்கு. அப்புறம் எதுக்கு இந்த நடுக்கம்?”

கேட்டவள் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த பெண். மைசூர் மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில், பழைய வீட்டின் கூடத்தில், உளுத்துப்போன உத்திரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒப்பட்டு தட்டிக்கொண்டிருந்தாள். நம் பக்கத்தில் போளி என்போமே, அதுதான். பக்கத்தில் அடுப்பும் அதன்மேல் கல்லும். வெளியே ஆடி மழை கொட்டுகிறது. நான் வாசலில், குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருக்கிறேன். வீடு என்னுடையது. அதற்குள் காலை வைக்க எனக்கே பயம்.

அப்படிக் கேட்டுவிட்டு அவள் என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கூரை எப்படி எங்கள் கூரை ஆனது என்பதிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நான் கொள்ளேகாலம் பக்கத்து ராமாபுரத்துக்காரன். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பை ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன். யார் எந்தச் சொலவடையைச் சொன்னாலும் துணி முனையில் காசு முடிவதுபோல முடிந்து வைத்துக்கொள்வேன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஆயுசில் பாதியைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறும்போது, கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: “வாடகை வீடு பால் மாடு மாதிரிப்பா. படுத்துக்கிட்டே கறக்கலாம்.” பக்கத்தில் நின்ற இன்னொருவர் கன்னடத்தில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால், “பாலைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, சாணி அள்ளுறதைப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான்” என்று வரும். நான் இரண்டையும் முடிந்து வைத்துக்கொண்டேன். ஆனால் முதலாவதைத்தான் நம்பினேன்.

ஊருக்கு வெளியே புதுசு புதுசாகப் பிரித்துப் போட்ட மனைகளைப் பார்த்தோம். ஒன்றில் பத்திரம் சரியில்லை. இன்னொன்றில் பத்திரம் இருந்தது, மனை எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தரகர் ஒருவர் மண்டி மொஹல்லாவுக்குக் கூட்டிவந்தார். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. “வீடு பழசு சார், ஆனா மரமெல்லாம் தேக்கு. கல்லு, மண்ணு, மரம் மூணும் ராஜா காலத்துது” என்றார். உள்ளே போனால் கூடத்துக் கூரை முழுக்கப் புதுச் சுண்ணாம்பு, பளீரென்று. என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதுப்பக்கம் வந்தாள்.

“ஏனுங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல பவுடர் வாசம் ஜாஸ்தியா இருக்குதே?”

நான் சிரித்தேன். வாங்கினேன். குடியிருந்த குடும்பமும் வீட்டோடு சேர்ந்தே எங்களுக்கு வந்தது. அவள், வெளியூர் லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். கொள்ளேகாலத்தில் பிறந்த கன்னடக்காரி; நம் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். என்னை அண்ணா என்றாள், மனைவியை அக்கா என்றாள். நான் தங்கச்சி என்றேன். ஒப்பட்டு தட்டிக் கடைகளுக்கும் விசேஷ வீடுகளுக்கும் கொடுப்பதுதான் அவள் தொழில்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் ஆட்களும் சொல்கிறார்கள், கன்னடத்திலும் அதையே சொல்கிறார்கள். வாங்கிப் பார், வாடகைக்கு விட்டுப் பார் என்று இரண்டு பாஷையிலும் யாரும் சொல்லி வைக்கவில்லை. முதல் மாதம் மோட்டார் எரிந்தது. அடுத்து சாக்கடை அடைத்துக்கொண்டது; அடைப்பு எங்கள் வீட்டிலா பக்கத்து வீட்டிலா என்று ஒரு நாள் முழுக்கப் பஞ்சாயத்து. அதெல்லாம் சாணி அள்ளுகிற வேலை, பயமில்லை. பயம் வந்தது கோடை மழையோடுதான்.

ஒரு சாயங்காலம் இடியோடு பெய்து ஓய்ந்தது. மறுநாள் போனேன். கூடத்தில் நின்று தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தபோது தோளில் ஏதோ விழுந்தமாதிரி இருந்தது. தட்டிவிட்டேன். மறுபடி விழுந்தது. வெள்ளைத் தூள். அண்ணாந்து பார்த்தேன். தரகர் காட்டிய பளீர் வெள்ளையில், உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில், டீக்கறை மாதிரி ஒரு வட்டம்.

அந்தக் காலத்துக் கூரையைப் பார்த்திராதவர்களுக்காக: கூடத்தின் குறுக்கே ஒரு பெரிய மர உத்திரம் போகும். அதன் மேல் நெருக்கமாகச் சின்னக் கட்டைகள். கட்டைகளுக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். அத்தனை பாரமும் அந்த ஒற்றை உத்திரத்தில் இறங்கும். உத்திரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் புதைந்திருக்கும். முனை என்ன கதியில் இருக்கிறது என்பது வெளியே இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்ப்பக்கத்து மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தேன். வாய்க்கொழுப்பு நிறைந்த மனுஷன். ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரை அந்தக் கறை வட்டத்தில் வைத்து லேசாக அழுத்தினார். ராகிக் களியில் குச்சி இறங்குகிறமாதிரி பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் மெல்ல உருவி எடுத்து முனையை முகர்ந்து பார்த்தார்.

“தரகர் பொய் சொல்லலீங்கண்ணா. தேக்குதான். கரையான் சாப்பிட்டுப் போட்ட மிச்சம்.”

“அப்ப எப்படி நிக்குது மேஸ்திரி?”

“பழக்கத்துல நிக்குது.”

அந்தச் சொல்லை நான் முடிந்து வைக்கவில்லை. அதுவே வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் நிற்பது எந்த நிமிஷம் பழக்கத்தை விடும்? அன்றிலிருந்து சோறு தின்னும்போதுகூடக் கை நடுவில் நின்றுவிடும். அந்தக் கூடத்தில்தான் பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

வீட்டைக் காலி செய்து, கூரைக்கு முட்டுக் கொடுத்து, உத்திரத்தை எடுத்துவிட்டு இரும்பு கர்டர் ஏற்ற வேண்டும். ஒரு மாத வேலை என்றார் மேஸ்திரி. கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். வந்து நாள் சொன்னபோது நான் தங்கச்சியிடம் போனேன். பயத்தில் இருப்பவனுக்குப் பேச்சு முந்திக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே, “ஒரு மாசம் வேற எங்கயாவது போய் இருந்துக்கோம்மா, ரிப்பேர் பண்ணணும்” என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மாறியது.

“பக்கத்துச் சந்துலயும் ரிப்பேர்னுதான் சொன்னாங்க அண்ணா. இருபது வருஷமா குடியிருந்தவங்க. சாமானை எடுத்துட்டுப் போனாங்க. இப்ப அந்த வீட்டுல செருப்புக் கடை.”

“நான் அப்படிப்பட்ட ஆளா தங்கச்சி?”

“அந்த ஓனரும் நல்லவர்தான். எங்களுக்கு தீபாவளிக்கு ஸ்வீட்டெல்லாம் குடுப்பார்.”

அவளே கொஞ்சம் இறங்கிவந்தாள். போகமாட்டேன் என்று சொல்லவில்லை. “இந்த வாரம் ஆஷாடம் பொறக்குது. ஆஷாடத்துல யாராச்சும் சாமான் தூக்கி வாசப்படி தாண்டுவாங்களா? அது முடியட்டும். சிராவணம் மொதல் நாளே காலி பண்றேன்.”

“கூரைக்கு ஆஷாடம் தெரியுமாம்மா?”

“கூரைக்குத் தெரியாது. எங்க வீட்டு தேவருக்கு, சாமிக்கு, தெரியும்.”

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆஷாடத்தில் கல்யாணம் கிடையாது, குடிபோவது கிடையாது. வெள்ளிக்கிழமையானால் மலைக்கு சாமுண்டியைப் பார்க்கப் போவார்கள், அவ்வளவுதான். அவளுக்கும் அந்த மாதம் ஒப்பட்டு வேலை பாதிக்கும் குறைவு. சும்மா இருக்கிற மாதத்தில் நகர முடியாது, வேலை குவிகிற மாதத்தில் நகர்வேன் என்கிறாள். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்தோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி அதுவரைக்குமென்று இரண்டு தைல மரக் கழிகளை நட்டு முட்டுக் கொடுத்தார். கறை வட்டத்துக்கு நேர் கீழே நின்ற கழியின் அடியில் ஒரு மர ஆப்பு. போகும்போது என் கையைப் பிடித்து ஆப்பின்மேல் வைத்தார். “ஆட்டிப் பாருங்க. ஆடுதா? ஆடுற வரைக்கும் பாரம் இன்னும் உத்திரத்துலயே இருக்குதுன்னு அர்த்தம். ஆடாம கெட்டியா நின்னுதுன்னா கூரை எறங்கிக் கழி மேல உக்காந்துருச்சுன்னு அர்த்தம். இந்தக் கழி ஆறுதலுக்குத்தான் அண்ணா, நம்பிப் படுக்கறதுக்கு இல்ல.”

அந்த ஆப்பை மாதிரி வேறெதையும் நான் வாழ்க்கையில் தொட்டுப் பார்த்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்கு பஸ் ஏறிவிடுவேன். தண்ணீர் வந்ததா, மீட்டர் ஓடுகிறதா என்று கேட்டபடியே குனிந்து ஆப்பை ஆட்டுவேன். ஆடும். மூச்சு வரும். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வானம் கருக்கும், மறுபடி மூச்சு போகும். எங்கள் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகை இருக்கிறது. முதல் துளி அதன்மேல் விழும் சத்தம் கேட்டதும் நான் போனைத் தேடுவேன்.

“தங்கச்சி, அங்க மழையா?”

“அண்ணா, மழைக்குன்னு உங்ககிட்ட வேற நம்பரே இல்லையா? வானிலைக்காரங்களுக்குப் போன் பண்ணுங்களேன்!”

சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டால் போதும், கூரை நிற்கிறது என்று அர்த்தம். ஒருமுறை அவள் போனை எடுக்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். கழியில் ஆணி அடித்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையும் துண்டும் மாட்டியிருந்தது. மறுமுறை போனபோது காலண்டரும் ஏறியிருந்தது. அவர்களுக்கு அது பழகிவிட்டது. கூரை பழக்கத்தில் நின்றது, கீழே அவர்களும் பழக்கத்தில் இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் பழகவே இல்லை.

ஆஷாடம் ஒருவழியாகக் கழிந்தது. சிராவணம் பிறந்த அன்றைக்கே தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையில் பூ, கையில் ஒரு டப்பா ஒப்பட்டு.

“அண்ணா, நாளைக்குக் காலி பண்றோம். எங்க அத்தை வீட்டுல ஒரு ரூம் சொல்லிட்டேன். மேஸ்திரியை வரச் சொல்லுங்க. நானும் சிராவண ஆர்டர் எதையும் இன்னும் ஒத்துக்கல.”

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. என் மனைவி டப்பாவை வாங்கி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஆடியில உத்திரம் ஏத்துவாங்களா?”

கன்னடத்து ஆஷாடம் அமாவாசையோடு முடிந்துவிடும். அந்த வருஷம் நம் ஆடி அதற்கு முந்தின வாரமே பிறந்திருந்தது, முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தது. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அவளுடைய மாதம் எப்போது முடியும் என்று நாள் எண்ணினேன். எங்கள் மாதம் அதற்குள் பிறந்துவிட்டது மண்டையில் ஏறவில்லை.

தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “கூரைக்கு ஆடி தெரியுமா அண்ணா?”

“சும்மா இரு புள்ள,” என்றாள் மனைவி, வெட்கத்தோடு. “உத்திரம்கிறது வீட்டுக்கு முதுகெலும்பு. ஆடியில அதைப் பிரிச்சா குடும்பத்துக்கு ஆகாது. எங்க சனத்துல யாரும் பண்ண மாட்டாங்க.”

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் கூரை விழுமோ என்கிற பயம் ஒரு பக்கம் என்றால், ஆடியில் உத்திரத்தைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம் இன்னொரு பக்கம். பயந்தவனுக்கு எல்லாத் திசையும் எமன் இருக்கிற தெற்குத்தான். மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் ஊரில் மாரியம்மன் நோன்பிக்குப் போயிருந்தார். பின்னால் மேளச் சத்தம். “ஆடியிலயாண்ணா? ஆடியில நான் கொத்துக் கரண்டி தொடறதில்ல. கறிக் கரண்டி மட்டுந்தான். மாசம் பொறந்ததும் மொத வேலை உங்களுது.”

தங்கச்சி டப்பாவைக் காலி செய்து வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது, “அப்ப நான் ஆர்டர் புடிச்சுக்கறேன். கைக்கு வந்த வேலையை விட்டுட்டு உங்க ஆடிக்காக நான் சும்மா உக்கார முடியாது” என்றாள். நியாயம்தானே. வரமகாலட்சுமி நோன்புக்கு வீட்டுக்கு வீடு ஒப்பட்டு வேண்டும். அவள் அடுப்பு விடிந்ததிலிருந்து எரியத் தொடங்கியது.

பிறகுதான் அந்த மழை. மைசூர் மழை சாதாரணமாகத் தூறிவிட்டுப் போகிற மழை. அந்த வருஷம் அது விடவில்லை. நேற்று பெய்தது இன்றும் பெய்தது. சுண்ணாம்புக் கூரை தண்ணீர் குடித்தால் எவ்வளவு கனக்கும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டு, பாதியில் பயந்து விட்டுவிடுவேன். தார்ப்பாய் வாங்கி மாடியில் போட்டேன், காற்று அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் போட்டது.

ஒரு நாள் மத்தியானம் டீக்கடையில் நின்றபோது ஒருவர் சொன்னார், மண்டி மொஹல்லாவில் ஒரு பழைய வீட்டுச் சுவர் விழுந்துவிட்டதாம். எந்தச் சந்து என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டீயைக் கீழே வைத்ததாக நினைவு, ஊற்றினேனோ என்னவோ. தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுத்தாள். விழுந்தது அடுத்த சந்தில். ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை, ஒரு ஸ்கூட்டர் நசுங்கியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முன்னறைக் கட்டிலில் கிடந்த துணிகளை வாரி எடுத்தாள்.

“போய் அந்தப் புள்ளையையும் கொழந்தைகளையும் கூட்டிட்டு வாங்க. இந்த ரூம்புல இருக்கட்டும். மேஸ்திரிக்குச் சொல்லுங்க, நாளைக்கே வரோணும்னு. ஆடியில பண்ணுனதுக்கு சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அந்தக் கொழந்தைகளுக்கு ஒண்ணு ஆனா நான் யாருக்குன்னு பதில் சொல்றது?”

பஸ்ஸுக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தேன். வழியிலேயே மேஸ்திரிக்குச் சொன்னேன். என் குரலைக் கேட்டு அவரும் வாய்க்கொழுப்பை விட்டுவிட்டு, “இரும்புக் கழிக்குச் சொல்லிட்டு வரேன், காலையில அங்க இருப்பேன்” என்றார்.

வாசலில் போய் நின்றேன். கூடம் முழுக்க வெல்லமும் ஏலக்காயும் மணந்தது. சுவரோரமாக, தட்டி வைத்த ஒப்பட்டு அடுக்கடுக்காகத் துணிமேல் ஆறிக்கொண்டிருந்தது. பையும் துண்டும் காலண்டரும் மாட்டியிருந்த அந்தக் கழி நேராக இல்லை. நடுவில் லேசாக, வயிறு தள்ளினாற்போல, வளைந்திருந்தது. அதன் அடியில் சிவப்புத் தரை நட்சத்திரம்போல வெடித்திருந்தது.

“தங்கச்சி, எந்திரி. அக்கா கூப்பிடறா. இப்பவே கிளம்பு.”

“இன்னும் பாதி ஆர்டர் இருக்கு. சாயங்காலம் ஆள் வந்து நிப்பாங்க. அதுவுமில்லாம இப்ப மட்டும் உங்க ஆடி எங்க போச்சு? நான் போறேன்னப்ப வேண்டாம்னீங்க. அடுப்பு பத்த வச்சப்புறம் வா வாங்கறீங்க. இப்படித்தான் அண்ணா, அவசரம் அவசரம்னு கிளப்புவாங்க. அப்புறம் பூட்டைப் பாத்துட்டு நாங்க ரோட்டுல நிக்கணும். விழறதா இருந்தா விழட்டும்...”

அப்புறம்தான் அவள் அதைக் கேட்டாள். விழுந்தால் என் தலையில்தானே என்று. உங்கள் தலை வெளியே பத்திரமாக இருக்கிறதே என்று.

என்னிடம் ஆயிரம் சொலவடை உண்டு. ஒன்றையும் அவிழ்க்கவில்லை. குடையை வாசலில் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். குனிந்து ஆப்பைத் தொட்டேன். ஆட்டினேன். ஆடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி நின்றது.

அங்கேயே, உத்திரத்துக்கு நேர் கீழே, அவள் மாவுத்தட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

“இப்ப ரெண்டு தலை,” என்றேன்.

“ஐயோ, என்ன அண்ணா இது? எந்திரிங்க!”

“நீ எந்திரி, நான் எந்திரிக்கறேன்.”

“வெளையாடாதீங்க.”

“ஆப்பை ஆட்டிப் பாரு தங்கச்சி. கூரை எறங்கிக் கழி மேல உக்காந்துருச்சு.” வாசல் பக்கம் கையைக் காட்டினேன். “வாசலுக்கு உன் பூட்டைப் போடு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும். மேஸ்திரி வந்தா நீ வந்து தொறந்து விடு, நீயே பூட்டிட்டுப் போ. எனக்குச் சாவி வேண்டாம். ஒப்பட்டை எங்க வீட்டு அடுப்புல தட்டு, அக்காவும் நானும் சுடறோம். கருகிப்போனா நான் தின்னுக்கறேன். நாலு மணிக்கு உன் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துலருந்து நேரா இந்தக் கூடத்துக்குத்தான் வருவாங்க.”

அவள் அடுத்த உருண்டையை எடுத்து, எண்ணெய் தடவிய தாளில் வைத்து, விரல் நுனியால் தட்டத் தொடங்கினாள். ஒப்பட்டு வட்டமாக விரிந்தது. கல்லில் போடக் கை எடுத்தாள். அப்போது மேலேயிருந்து, சத்தமே இல்லாமல், ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் அதன் நடுவில் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஒரு சிட்டிகை.

ஆஷாடம் முழுக்க, ஆடி பிறந்த பிறகும், அத்தனை தடவை நான் சொல்லியும் அண்ணாந்து பார்க்காதவள், அப்போதுதான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கல் இன்னும் புகைந்துகொண்டிருக்கும்போதே, அடுப்பை அணைத்தாள்.